கார் பிடித்து ஒகேனக்கல் போகலாம்!

கப்பலில் ஊர் சுற்றுகிறவர்கள் காலையில் ஒரு துறைமுகத்தில் இறங்குவார்கள். கரையில் நிற்கும் வாடகைக் காரில் ஏறுவார்கள். கோவில், கோட்டை, கடைவீதி என்று சுற்றுவார்கள். மாலையில் கப்பல் சங்கு ஊதுவதற்குள் ஓடி வந்து ஏறிக் கொள்வார்கள்.

தர்மபுரியில் கடல் இல்லை, கப்பலும் இல்லை. ரெயில் உண்டு, பஸ் உண்டு. குடும்பத்தோடு காலையில் வந்து இறங்கி, ஒரு காரை வாடகைக்குப் பிடித்து, நாலு இடம் பார்த்து விட்டு இரவே திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கையில் இருப்பது ஒரே நாள். பணமோ, சிறுகச் சிறுகச் சேர்த்தது. இரண்டும் வீணாகலாமா?

ஏறுமுன் பேசுங்கள்

"ஒகேனக்கல் போக எவ்வளவுங்க?"

"ஏறுங்க சார், பார்த்துக்கலாம்!"

இந்தப் 'பார்த்துக்கலாம்' இருக்கிறதே, அதுதான் ஆபத்து. காலையில் சிரித்துக் கொண்டே சொன்ன சொல், மாலையில் சண்டையில் முடியும். ஆகவே ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். கிலோமீட்டருக்கு என்ன? டிரைவர் பேட்டா எவ்வளவு? சுங்கச் சாவடிக் கட்டணமும், வண்டி நிறுத்தும் கட்டணமும் யாருடையது? கணக்கு நீங்கள் ஏறும் இடத்திலிருந்தா, அல்லது கார் ஷெட்டிலிருந்து கிளம்பும்போதேயா?

இன்னொன்று. வெளியூர்ப் பயணத்துக்கு, ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது பல இடங்களில் வழக்கம். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர்தான். போக வர நூறுகூட ஆகாது. ஓடாத தூரத்துக்கும் நீங்கள் பணம் கொடுப்பீர்கள்! 'போய் வர மொத்தம் இவ்வளவு, காத்திருப்பும் சேர்த்து' என்று பேசி முடிப்பதே லாபம்.

நம்பர் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகை வண்டி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. 'கொஞ்சம் குறைச்சுக்கலாம்' என்று வெள்ளைப் பலகைக்காரர் ஆசை காட்டுவார். வழியில் விபத்து நேர்ந்தால், இன்சூரன்சுப் பணம் கேட்கும்போதுதான் வினை தெரியும். நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குக் கொடுக்கும் கார்களுக்குக் கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. அதை எடுப்பவர்கள், வண்டியில் ஏற்கனவே உள்ள கீறல்களைச் செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

நடந்தே சென்ற வீரர்

நேரே ஒகேனக்கலுக்குப் பறக்காதீர்கள். பாப்பாரப்பட்டி வழியாகப் போகச் சொல்லுங்கள். சுற்று கொஞ்சம்தான். அங்கேதான் விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந்தேதி கண்ணை மூடினார். அவருக்குத் தொழுநோய். ரெயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடுத்தது. அவர் சும்மா இருந்தாரா? கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார்! பாரத மாதாவுக்கு ஒரு கோவில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. சித்தரஞ்சன் தாசை அழைத்து வந்து அடிக்கல்லும் நாட்டினார். அங்கே பாரத மாதா நினைவாலயம் திறக்கப்பட்டது 2021-ல்தான். குழந்தைகளுக்கு இதை அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். காரில் சாய்ந்து கொண்டு போகிற நமக்கும் அது தெரியட்டும்.

புகையும் பாறை

பென்னாகரம் தாண்டினால் காடு. யானை நடமாடும் இடம். படம் எடுக்கிறேன் என்று காரை நிறுத்தி இறங்க வேண்டாம்.

ஒகேனக்கல் என்பது கன்னடச் சொல். 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. காவிரி பாறைகளில் விழுந்து, திவலைகள் புகையாய் எழும்புவதால் வந்த பெயர். எண்ணெய் தேய்த்து விடும் ஆட்கள் 'வாங்க, வாங்க' என்று அழைப்பார்கள். தேய்த்துக் குளித்தால் பசி வயிற்றைக் கிள்ளும். மீனை வாங்கிக் கொடுத்தால், அங்குள்ள பெண்கள் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். அதற்கும் கூலியை முன்கூட்டியே பேசி விடுங்கள்!

அடுத்தது பரிசல். மூங்கில் பின்னிய வட்டக் கூடை. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. பாறைச் சந்துகளுக்கு நடுவே அது சுழன்று போகும்போது பெரியவர்களும் கூச்சல் போடுவார்கள். ஆனால் விளையாட்டு இல்லை. 2015-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் சென்ற பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போயின. உயிர்காக்கும் மேலாடை இல்லாமல் ஏறாதீர்கள். அனுமதித்த ஆட்களுக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட மடியில் ஏற்றாதீர்கள்.

கர்நாடகத்தில் மழை கொட்டினால் இங்கே வெள்ளம் வரும். மேலே பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். அளவு கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. ஆகவே ஆடி, ஆவணி மாதங்களில் புறப்படுமுன் செய்தியைப் பாருங்கள். தடை என்று தெரியாமல் வந்து, கார் வாடகையும் கொடுத்து விட்டு, தூரத்தில் நின்று பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

ஆசை வேண்டாம்

'கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறதே, தீர்த்தமலையும் பார்த்து விடலாமே' என்று தோன்றும். வேண்டாம். தீர்த்தமலை அரூர்ப் பக்கம். நேர் எதிர்த் திசை. மலை ஏறி இறங்கவே அரை நாள் போகும். அதற்குத் தனி நாள் வையுங்கள்.

மாலையில் நேரம் இருந்தால், சேலம் பக்கம் சில கிலோமீட்டரில் இருக்கும் அதியமான்கோட்டைக்குப் போங்கள். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயர் தாங்கிய ஊர். காலபைரவர் கோவிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் தாங்காது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோவிலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. வந்தவர்களில் பலர் அதைப் பார்க்காமலே போய் விடுகிறார்கள்!

அதே காரில் இரவில் சேலம் செல்பவர்கள் தொப்பூர்க் கணவாயில் விழிப்பாக இருங்கள். நீண்ட இறக்கம், லாரிகள் மோதி அடிக்கடி விபத்து நடக்கும் இடம். பெட்ரோலை மிச்சப்படுத்த டிரைவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால், "அண்ணே, கியரிலேயே போங்க" என்று சொல்லி விடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.