மறையும் நீரின் தடம்

நீர் தானாக மறைந்துபோவதில்லை. கசிந்தோ, ஆவியாகியோ, வேறொன்றுடன் கலந்தோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கிறது. இந்த எளிய உண்மையே, ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகின் டீசல் இயந்திரத்தில் நேரும் ஒரு பெருஞ்சிக்கலைத் தீர்க்கும் திறவுகோலாக அமைகிறது.

விடியலில் இயந்திரத்தை இயக்குமுன் மேல்தொட்டியைத் திறந்து பார்க்கிறார் படகின் ஓட்டுநர். குளிர்விப்பு நீர் குறைந்திருக்கிறது. இயந்திரத்தைச் சுற்றி எங்கும் ஈரம் இல்லை. குறைந்த அளவை நிரப்பிவிட்டுப் புறப்படுகிறார். மறுநாளும் அதே குறை; அதே நிரப்பல். நிரப்புவது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. ஒருநாள் நடுக்கடலில் நீர்மட்டம் முற்றிலும் தாழ, வெப்பம் மிகுந்து இயந்திரம் இறுகி நின்றுவிடக்கூடும். சாலையில் பழுதான ஊர்தி ஓரமாக நிற்கும். கடலில் பழுதான படகோ நிற்பதில்லை. பாக் நீரிணை போன்ற குறுகிய கடற்பரப்பில், நீரோட்டம் அதனைப் பன்னாட்டுக் கடல் எல்லைக்கு அப்பாலும் இழுத்துச் செல்லக்கூடும். ஆகவே, அரை லிட்டர் நீரின் இழப்பு படகில் உள்ளோரின் உயிரோடு தொடர்புடையது.

இருவகை நீர்ச்சுற்றுகள்

எரிபொருள் தரும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவான பங்கே படகை உந்தும் ஆற்றலாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதியைக் குளிர்விப்பு நீர் ஏற்றுக்கொள்கிறது. கடல்நீரை நேரடியாக இயந்திரத்தினுள் செலுத்தினால் உப்புப் படியும், உலோகமும் அரிக்கப்படும். எனவே, பல கடல்சார் இயந்திரங்களில் இரண்டு நீர்ச்சுற்றுகள் அமைக்கப்படுகின்றன. அரிப்புத் தடுப்பான் கலந்த நன்னீர், மூடிய சுற்றாக இயந்திரத்தினுள் ஓடுகிறது. கடலிலிருந்து இறைக்கப்படும் நீர் மற்றொரு சுற்றாக ஓடிக் கடலுக்கே திரும்புகிறது. இரண்டும் வெப்பப் பரிமாற்றி என்னும் கருவியில் அடுத்தடுத்துப் பாய்கின்றன, ஆனால் கலப்பதில்லை. மெல்லிய உலோகக் குழாய்களின் சுவர் வழியே வெப்பம் மட்டும் நன்னீரிலிருந்து கடல்நீருக்கு மாறுகிறது.

நன்னீர்ச் சுற்றின் மேல்தொட்டியில் அழுத்த மூடி ஒன்று உண்டு. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் உயரும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். மூடியின் சுருள்வில் தளர்ந்தால், உரிய அழுத்தம் உருவாகுமுன்பே நீர் வழிகுழாய் வழியே வெளியேறிவிடும். சூடான இயந்திரத்தில் இம்மூடியைத் திறப்பது பெருந்தீங்கு; அழுத்தம் விடுபட்டதும் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும்.

அளவிடலே முதற்படி

குறையைத் தேடுமுன், குறை உண்மையானதா என அறிதல் வேண்டும். 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது நீரின் பருமன் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு பெருகுகிறது. 20 லிட்டர் கொள்ளும் சுற்றில் இது 700 மில்லிலிட்டர் அளவாகும். தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் இப்பெருக்கம் வழிந்தோடும்; இயந்திரம் ஆறியபின் நீர் குறைந்ததுபோல் தோன்றும். இது கசிவன்று, மிகையாக நிரப்பியதன் விளைவே.

ஆகவே, இயந்திரம் நன்கு ஆறிய நிலையில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்தல் வேண்டும். எத்தனை மணிநேரம் இயங்கியபின் எவ்வளவு குறைந்தது, இயங்காமல் நின்றபோதும் குறைந்ததா என்பவற்றை நாள்தோறும் எழுதிவருதல் வேண்டும்.

புறத்தே காணும் தடங்கள்

ரப்பர் குழாய்கள், அவற்றை இறுக்கும் கிளிப்புகள், வடிகுழாய்கள், நீரேற்றியின் அடியிலுள்ள சிறுதுளை ஆகியன முதலில் நோக்கத்தக்கவை. சூடான உலோகத்தின்மேல் விழும் துளி உடனே ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரிவதில்லை. ஆயினும், நீரில் கலந்த வேதிப்பொருள் நிறமுள்ள பொருக்காகத் தங்கிவிடும். ஈரமில்லை என்பது கசிவில்லை என்பதற்குச் சான்றாகாது. இயந்திரத்தின் அடியைத் துடைத்துத் தாளை விரித்துவைத்தால், துளி விழும் இடம் புலப்படும்.

அகத்தே மறையும் வழிகள்

புறத்தே தடம் இல்லையெனில், நீர் மூன்று இடங்களுள் ஒன்றை அடைந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, எரியறையும் புகைவழியும். சிலிண்டரையும் அதன்மேல் பொருந்தும் ஹெட்டையும் இணைக்கும் கேஸ்கெட் பழுதானாலோ, ஹெட்டில் விரிசல் விழுந்தாலோ நீர் எரியறைக்குள் புகும். இயந்திரம் சூடான பின்னும் வெண்புகை ஓயாது வெளிவருதல் இதன் அறிகுறி. எதிர்த்திசையில் எரிவளி நீருக்குள் புகுவதும் உண்டு. அப்போது மேல்தொட்டியில் குமிழிகள் இடைவிடாது எழும். அவ்வளியை ஒருவகை நீலநிறக் கரைசலில் செலுத்தினால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைசலை மஞ்சளாக மாற்றும். எரியறையில் நீர் தேங்கிய நிலையில் இயந்திரத்தை இயக்குவது ஆபத்தானது. நீர் காற்றைப்போல் சுருங்காது; ஆதலால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

இரண்டாவது, மசகு எண்ணெய். எண்ணெய்மட்டம் உயர்வதும், எண்ணெய் பால்போல் வெளுப்பதும் இதனைக் காட்டும். இயந்திரம் இரவு முழுதும் நின்றபின் அடித்திருகைச் சற்றே தளர்த்தினால், எண்ணெயைவிட அடர்ந்த நீர் முதலில் வடியும். எண்ணெய்க் குளிர்விப்பான் பழுதாவதும், லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் தேய்வதும் இதன் காரணங்கள். லைனரின் அதிர்வால் நீரில் தோன்றும் நுண்குமிழிகள் வெடித்து, அதன் சுவரைத் துளைப்பதும் உண்டு. அரிப்புத் தடுப்பான் இல்லாத வெறும் நீரையே தொடர்ந்து நிரப்புவோர் இக்கேட்டைத் தாமே வரவழைக்கின்றனர்.

மூன்றாவது, கடல். வெப்பப் பரிமாற்றியின் குழாயில் துளை விழுந்தால், பெரும்பாலும் அழுத்தம் மிகுந்த நன்னீர் கடல்நீர்ப் பக்கம் புகுந்து வெளியேறிவிடும். புகையும் இல்லை, எண்ணெயில் மாற்றமும் இல்லை, துளியும் விழுவதில்லை.

எளியதிலிருந்து அரியதற்கு

20 லிட்டர் நன்னீர் கொள்ளும் இயந்திரம் ஒன்றில், பத்து மணிநேர ஓட்டத்திற்கு அரை லிட்டர் குறைவதாகக் கொள்க. ஹெட்டைக் கழற்றுவதே வழி என முடிவு செய்தால் பொருளும் நாள்களும் வீணாகலாம். முதலில் மூடி சோதிக்கப்படுகிறது. அது சரியாக உள்ளது. பின்னர், ஆறிய இயந்திரத்தின் மேல்தொட்டியில் கைப்பம்பு பொருத்தி, மூடிக்கு உரிய அளவு அழுத்தம் ஏற்றப்படுகிறது. அரைமணி நேரத்தில் அழுத்தமானியின் முள் மெல்லத் தாழ்கிறது, புறத்தே ஈரமில்லை. எண்ணெய் தெளிவாக உள்ளது. இயந்திரம் இயங்கும்போது தொட்டியில் குமிழிகளும் எழவில்லை. இறுதியாக, வெப்பப் பரிமாற்றியின் கடல்நீர்ப் பக்கம் வடிக்கப்பட்டு, அதன் மூடி கழற்றப்படுகிறது. மீண்டும் அழுத்தம் ஏற்றியதும், ஒரு குழாயின் வாயில் நிறமுள்ள துளி அரும்புகிறது. நீர் சென்ற வழி தெரிந்துவிட்டது.

ஆயினும், ஆய்வு அங்கே முடிவதில்லை. குழாய் ஏன் துளைபட்டது? கடல்நீரின் அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு பிற உலோகத்தைக் காப்பதற்காக, அங்கே துத்தநாகக் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். அது முற்றிலும் கரைந்தபின்னும் மாற்றப்படாமையே முதற்காரணம். குழாயை மட்டும் மாற்றிக் கட்டியை மாற்றாவிடில் குறை மீண்டும் வரும். நோயையும், நோயின் முதலையும், அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயல்படுமாறு மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த நெறி, இயந்திரம் பழுதுபார்ப்போர்க்கும் பொருந்துகிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் பெருகுவதற்கான அக்காலமே படகுகள் சீரமைக்கப்படும் காலமுமாகும். அந்நாள்களில் எதைக் கழற்ற வேண்டும், எதைக் கழற்ற வேண்டியதில்லை என்பதை, ஆண்டு முழுதும் எழுதிவைத்த சிறு குறிப்பேடு சொல்லிவிடும். நாள்தோறும் நீர்மட்டத்தை அளந்து எழுதும் கை, கடலில் பலரைக் கரைசேர்க்கும் கையாகும்.