பதின்மூன்று சதவீதமும் பாதிக் கொலைகளும்: அமெரிக்காவில் எண்களை வைத்து நடக்கும் சண்டை

அமெரிக்காவில் பொலிஸாரின் துப்பாக்கிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் பலியாகும் ஒவ்வொரு தடவையும் இரண்டு எண்கள் சுற்றத் தொடங்கிவிடும். கறுப்பினத்தவர் அந்நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 13 சதவீதம். ஆனால் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்படுபவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் அவர்கள். இது முதலாவது. கொலைக்குற்றத்துக்காகக் கைதாகிறவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பினத்தவர். இது இரண்டாவது. முதலாவது எண்ணைச் சொன்னவரின் வாயை அடைப்பதற்காகவே பெரும்பாலும் இரண்டாவது வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் என் சொந்தக்காரர் சிலர்கூட அதை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்கள். "குற்றம் செய்தால் பொலிஸ் வரத்தானே செய்யும்" என்று ஒரு வரியும் அதன் கீழே இருக்கும்.

இரண்டு எண்களும் பொய்யில்லை. அதனால்தான் இந்த விவாதம் சிக்கலானது.

முதலில் இரண்டாவதையே எடுப்போம். 2019ஆம் ஆண்டு எஃப்.பி.ஐ. வெளியிட்ட கணக்கின்படி கொலைக்காகக் கைதானவர்களில் 51 சதவீதமானோர் கறுப்பினத்தவர். இதைப் பொலிஸாரின் கற்பனை என்று ஒதுக்க முடியாது. அதே காலத்தில் கொலை செய்யப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரே. பிணங்களை எவரும் இனம் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கணக்கெழுத முடியாது. கொல்பவரும் கொல்லப்படுபவரும் பெரும்பாலும் ஒரே இனத்தவர். கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட சம்பவங்களில் பத்தில் ஒன்பதளவிலும், வெள்ளையர் கொல்லப்பட்ட சம்பவங்களில் பத்தில் எட்டளவிலும் இப்படித்தான். மனிதர்கள் தாங்கள் வாழும் வீதியிலேயே கொல்கிறார்கள், கொல்லப்படுகிறார்கள். அந்த வீதிகள் எப்படி இனவாரியாகப் பிரிந்தன என்பது 1930களில் வீட்டுக்கடன் வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் அடையாளமிட்டு ஒதுக்கிய காலம் வரை நீளும் கதை. அதற்குள் நான் இங்கே போகவில்லை.

ஆனால் 51 சதவீதம் என்பது எத்தனை பேர்? அந்த ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 4,000 பேர். அமெரிக்காவில் வாழும் கறுப்பினத்தவரோ 40 மில்லியனுக்கும் மேல். அதாவது பத்தாயிரத்தில் ஒருவர். மீதி 9,999 பேரை மறித்துச் சோதனையிடுவதற்கு அந்த ஒருவர் காரணமாகலாமா என்பதுதான் கேள்வி. கொழும்பிலும் வவுனியாவிலும் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற எங்களுக்கு இந்தக் கேள்வியை நீட்டி விளக்கத் தேவையில்லை.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒரு நீதிமன்றத்தில் நேரடியாகவே விசாரிக்கப்பட்டது. நியூயோர்க் பொலிஸார் வீதியில் போவோரை மறித்து, உடலைத் தடவிச் சோதிக்கும் நடைமுறையைப் பெருமளவில் கையாண்டார்கள். 2011ஆம் ஆண்டில் மட்டும் 685,000க்கும் அதிகமான தடவைகள் இப்படி மறித்தார்கள். வழக்கில் முன்வைக்கப்பட்ட தரவுகள் 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரையிலான 4.4 மில்லியன் சம்பவங்களைப் பற்றியவை. மறிக்கப்பட்டவர்களில் 83 சதவீதமானோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். உடலைத் தடவிச் சோதித்த சம்பவங்களில் ஆயுதம் அகப்பட்டது 1.5 சதவீதத்தில். கைதோ அழைப்பாணையோ இல்லாமல் வெறுமனே அனுப்பிவைக்கப்பட்டவர்கள் 88 சதவீதம்.

நகர நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? மறிக்கப்படுவோரின் இன விகிதத்தைச் சனத்தொகையோடு ஒப்பிடக்கூடாது, குற்றச் சந்தேகநபர்களின் இன விகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், அப்படிப் பார்த்தால் பாரபட்சம் எதுவுமில்லை என்றது. வட்ஸ்அப்பில் வருகிற அதே வாதம்தான், கோட் சூட் போட்டுக்கொண்டு வந்தது. 2013 ஓகஸ்ட் 12ஆம் திகதி தீர்ப்பளித்த நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் அதை ஏற்கவில்லை. மறிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேரளவில் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். குற்றமற்ற மக்களின் விகிதம் குற்றவாளிகளின் விகிதத்தைப் போலவே இருக்கும் என்று எந்த ஆதாரத்தை வைத்துக் கருதுவது என்பது அவருடைய நியாயம். இன்னொரு தரவும் அந்தத் தீர்ப்பில் உண்டு. மறிக்கப்பட்ட கறுப்பினத்தவரில் ஆயுதம் அகப்பட்டது 1.0 சதவீதத்தினரிடம்; வெள்ளையரில் 1.4 சதவீதத்தினரிடம். வெள்ளையர் அதிகம் ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. வெள்ளையர் ஒருவரை மறிக்கப் பொலிஸாருக்கு ஓரளவு வலுவான சந்தேகம் தேவைப்பட்டது, கறுப்பினத்தவரை மறிக்க அவ்வளவு தேவைப்படவில்லை என்பதையே இது காட்டுகிறது.

அந்த நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. இனி நகரம் இரத்தக்களரி ஆகும் என்று எச்சரித்தவர்கள் பலர். 2017இல் பதிவான மறிப்புகள் 12,000க்கும் குறைவு. கொலைகள் 2011இல் 515 ஆக இருந்தவை 2017இல் 292 ஆகக் குறைந்திருந்தன. மறிப்பைக் குறைத்ததால்தான் கொலை குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எச்சரிக்கை பலிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

துப்பாக்கிச்சூடு என்று வரும்போது ஆய்வாளர்களிடையேயே பிளவு இருக்கிறது. ஹாவார்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர், அவரும் கறுப்பினத்தவர், 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கையைப் பிடித்துத் தள்ளுவது, விலங்கிடுவது, சுவரோடு சாய்ப்பது போன்ற பலப்பிரயோகங்களில் கறுப்பினத்தவருக்கு எதிரான வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஹூஸ்டன் நகரத் தரவுகளில் துப்பாக்கிச்சூட்டில் இன வேறுபாடு தெரியவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் கத்தரித்து ஒரு தரப்பு பரப்பியது, முதற்பாதியை மற்றத் தரப்பு.

டீன் நொக்ஸ், வில் லோவ், ஜொனதன் மும்மோலோ ஆகிய மூவரும் 2020இல் இதிலுள்ள சிக்கலை எடுத்துக்காட்டினார்கள். பொலிஸ் பதிவேட்டில் இருப்பவர்கள் ஏற்கனவே பொலிஸாரால் மறிக்கப்பட்டவர்கள். காரணமேயில்லாமல் நூறு கறுப்பினத்தவரை மறித்தால், அவர்களில் பெரும்பாலானோர் பிரச்சினையில்லாமல் போய்விடுவார்கள். அப்போது "மறிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் சுடப்பட்டார்கள்" என்ற விகிதம் தானாகவே குறைந்துவிடும். முதற்கட்டப் பாரபட்சம் அடுத்த கட்டப் பாரபட்சத்தை மறைத்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்தை எழுதுகிறவரே கணக்கில் வரும் ஆட்களையும் தெரிவுசெய்கிறார் என்று இதைச் சுருக்கலாம்.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஏறத்தாழ 100 மில்லியன் வாகன மறிப்புப் பதிவுகளைச் சேர்த்து, சூரியன் மறையும் நேரத்தை வைத்துப் பிரித்தார்கள். இருட்டிவிட்டால் ஓட்டுநரின் தோல்நிறம் தூரத்திலிருந்து தெரியாது. ஒரே கடிகார நேரம், மாலை ஏழு மணி என்று வையுங்கள். கோடையில் அது வெளிச்சம், குளிர்காலத்தில் இருள். இருளில் மறிக்கப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்திருந்தது. குற்றப் புள்ளிவிபரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014 ஓகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்கசன் நகரில் மைக்கல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்டார். கைகளை உயர்த்திச் சரணடைந்த நிலையில் சுட்டார்கள் என்ற செய்தி நாடெங்கும் போராட்ட முழக்கமானது. மத்திய நீதித் திணைக்களம் 2015 மார்ச் 4ஆம் திகதி ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. முதலாவது, கைகளை உயர்த்தியிருந்தார் என்ற சாட்சியங்கள் நம்பத்தகுந்தவையல்ல, உத்தியோகத்தர்மீது வழக்குத் தொடுக்க ஆதாரமில்லை என்றது. இரண்டாவது அறிக்கை அந்த நகரின் பொலிஸையும் நீதிமன்றத்தையும் பற்றியது. சனத்தொகையில் 67 சதவீதமான கறுப்பினத்தவர் கைதுகளில் 93 சதவீதம். சோதனையிடப்படும் வாய்ப்பு அவர்களுக்கு இரு மடங்குக்கும் அதிகம். ஆனால் சட்டவிரோதப் பொருள் அகப்பட்டது வெள்ளையரைவிடக் குறைவாக. நகர நிர்வாகம் தண்டப்பணத்தை வருமானமாகவே திட்டமிட்டு, கூடுதலாக எழுதும்படி பொலிஸாரை நெருக்கியது. 13 மில்லியன் டொலர் அளவிலான வருமானத்தில் 3 மில்லியனுக்கும் மேல் தண்டப்பணமாக எதிர்பார்த்தார்கள். அந்த நகரம் ஏன் பற்றியெரிந்தது என்பதை இரண்டாவது அறிக்கையே விளக்குகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பொலிஸே வேண்டாம் என்பதுதான் கறுப்பினத்தவரின் நிலைப்பாடு என்று நினைப்பதும் தவறு. 2020இல், ஜோர்ஜ் ஃப்ளொய்ட் கொல்லப்பட்ட சில வாரங்களின் பின் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், தங்கள் பகுதியில் பொலிஸார் இப்போதுபோலவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும் என்றவர்கள் கறுப்பினத்தவரில் 81 சதவீதம். பிள்ளையைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வராத பொலிஸ், வாகனத்தின் பின்விளக்கு எரியவில்லை என்று மறிக்க வருகிறது என்பதே அவர்களில் பலருடைய கோபம். அக்காலத்தில் நாடு முழுவதும் கொலை வழக்குகளில் பாதியளவுதான் துப்புத் துலங்கியது.

இத்தனை எண்களையும் எண்ணுவது யார்? அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 தனித்தனிப் பொலிஸ் அமைப்புகள் உள்ளன. பொலிஸார் ஆண்டுக்கு எத்தனை பேரைக் கொல்கிறார்கள் என்ற முழுக் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கவில்லை. வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2015இல் செய்திகளைத் தேடித் தானே எண்ணத் தொடங்கியபோது, எஃப்.பி.ஐ. பதிவில் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் சுட்டுக்கொல்லப்படுவது தெரியவந்தது. பத்திரிகைகளிடம் தங்களைவிட நல்ல தரவு இருப்பது வெட்கக்கேடு என்று அப்போதைய எஃப்.பி.ஐ. பணிப்பாளர் ஜேம்ஸ் கோமி பகிரங்கமாகச் சொன்னார். ஃப்ளொய்டின் மரணம் பற்றி மினியாபொலிஸ் பொலிஸார் முதலில் வெளியிட்ட அறிக்கையில் அது ஒரு மருத்துவச் சம்பவம். வீதியில் நின்ற 17 வயதுப் பெண் தொலைபேசியில் எடுத்த காணொளி இல்லாவிட்டால் பதிவேட்டிலும் அப்படியே நின்றிருக்கும்.

வொஷிங்டன் போஸ்ட் அந்தக் கணக்கெடுப்பை 2024 முடிவோடு நிறுத்திக்கொண்டது. தவறிழைத்த மத்திய அரசுப் பொலிஸ் உத்தியோகத்தர்களைப் பதிவுசெய்யும் தேசியத் தரவுத்தளம் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், மினியாபொலிஸ் பொலிஸை நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவருவதற்காகச் செய்யப்பட்டிருந்த உடன்படிக்கையைக் கைவிடுவதாக நீதித் திணைக்களம் அறிவித்தது.