உரத்து வாசிக்கும் பிள்ளைக்கு விளங்குகிறதா?

தமிழ் எழுத்தின் எளிமை சில வேளை ஒரு குறையை மூடி மறைத்துவிடுகிறது. எழுத்துகளைப் பழகிய பிள்ளை, பொருள் அறியாத சொல்லையும் பிழையின்றி வாசித்துவிடும். டென்மார்க்கில் நம் பிள்ளைகள் பள்ளியில் வாசிக்கும் டேனிஷில் அது நடவாது. எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறு. 2003இல் பிலிப் சீமூரும் சக ஆய்வாளர்களும் 13 ஐரோப்பிய மொழிகளின் எழுத்துமுறைகளை ஒப்பிட்டபோது, வாசிக்கப் பழக அதிக காலம் எடுத்தவர்களுள் டேனிஷ் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழின் நிலை வேறு. 2002இல் டென்மார்க் அரசு, தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைப் பெரும்பாலும் ஐரோப்பிய நாட்டவரின் பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டது. அதன்பின் பிராண்டே போன்ற யூட்லாந்து ஊர்களில் தமிழ் கற்பிப்பது நம் சமூகத்தின் பொறுப்பாயிற்று. அங்கே வளரும் பிள்ளை டேனிஷில் தடுமாறினால் ஆசிரியரின் காதுக்கு எட்டிவிடும். தமிழில் விளங்காமல் வாசித்தால் யாருக்கும் தெரிவதில்லை. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கி வரும் விடை என்று கோவும் டன்மரும் 1986இல் சொன்னார்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான்.

இதற்கு மருந்தாக நாம் வைத்திருப்பது கிரகித்தல் பயிற்சி: ஒரு பந்தி, கீழே ஐந்து கேள்விகள். பிள்ளைக்கு விளங்கியதா என்று அது சோதிக்கும். எப்படி விளங்கிக்கொள்வது என்று காட்டாது. இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. 1970களின் இறுதியில் டொலோரஸ் டர்கின் அமெரிக்க வகுப்பறைகளில் 4,469 நிமிட வாசிப்புப் பாடங்களை அவதானித்தார். கிரகிக்கும் வழியைக் கற்பிக்கச் செலவானது ஏறத்தாழ 20 நிமிடம். 1984இல் பலின்சாரும் பிரவுணும் நான்கு படிகளை முன்வைத்தார்கள்: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, தானே கேள்வி எழுப்புவது, புரியாத இடத்தைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் வாய்விட்டுச் செய்துகாட்ட வேண்டும். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராக வேண்டும். நன்னூல் வகுத்த காண்டிகையுரையில் கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்று கிட்டத்தட்ட இதே வேலைகள் இருக்கின்றன. அங்கே அவற்றை உரைகாரர் வாசகருக்காகச் செய்தார். இங்கே பிள்ளையே செய்யப் பழகுகிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கார்ஸ்டன் எல்ப்ரோ, புக்-ஐவர்சன் என்பவரோடு சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு. ஆறாம் வகுப்பு மாணவர் 236 பேர் அதில் பங்கேற்றார்கள். பயிற்சி பெற்ற வகுப்புகளுக்கு அரை மணி நேரப் பாடங்கள் எட்டு, அவ்வளவுதான். அவற்றில் மூன்று கட்டங்கள் கொண்ட படம் ஒன்றை நிரப்ப வேண்டும்: பந்தி சொல்வது ஒரு கட்டத்தில், தனக்கு ஏற்கெனவே தெரிந்தது மறு கட்டத்தில், இரண்டும் சேர்ந்து தரும் முடிவு மூன்றாவதில். “காற்றாலைகள் அன்று அசையவில்லை. மின்சாரம் நோர்வேயிலிருந்து வந்தது” என்ற இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். காற்று வீசவில்லை என்றோ, நோர்வேயின் நீர்மின்சாரம் கேபிள் வழியாக டென்மார்க்குக்கு வருகிறது என்றோ அவற்றில் எழுதப்படவில்லை. காற்றாலை நிறுவனம் இயங்கும் பிராண்டேயில் வளரும் பிள்ளைக்கு முதலாவதாவது தெரிந்திருக்கும். தெரிந்ததை வாசிப்புக்குள் கொண்டுவரலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அந்த நான்கு மணி நேரப் பயிற்சியில் இடைவெளியை நிரப்பும் திறன் மட்டுமல்ல, பொதுவான வாசிப்புத் திறனும் தெளிவாக உயர்ந்தது.

அறிவு இல்லாத இடத்தில் படிகள் எதைத் தரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1988இல் ரெக்டும் லெஸ்லியும் 64 மாணவருக்கு பேஸ்பால் பற்றிய பந்தியொன்றைக் கொடுத்தார்கள். விளையாட்டை அறிந்த சுமாரான வாசகர்கள், அறியாத நல்ல வாசகர்களை முந்தினார்கள். பலின்சார் முறையை ஆராய்ந்த 16 ஆய்வுகளை ரோசன்ஷைனும் மைஸ்டரும் 1994இல் தொகுத்தார்கள். ஆய்வாளர்களே தயாரித்த சோதனைகளில் பலனின் அளவு (effect size) 0.88, தரப்படுத்தப்பட்ட பொதுச் சோதனைகளில் 0.32 மட்டும். எனவே படிகளை ஆண்டு முழுதும் ஓதிக்கொண்டிருப்பது வீண். சில வாரங்களில் பழக்கிவிட்டு, மிச்ச நேரத்தைப் பொருள் நிறைந்த வாசிப்புக்குக் கொடுக்க வேண்டும்.

பெற்றோரின் தயக்கம் வேறு: பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லே போதாதபோது எப்படித் தமிழில் யோசித்துச் சொல்லும்? டேனிஷில் சொல்லட்டும். ஒரு மொழியில் பழகிய சிந்தனைத் திறன் மறு மொழிக்கும் கைகொடுக்கும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வாதிட்டு வருகிறார். தமிழ் வகுப்பில் டேனிஷ் கேட்பது பலருக்கு உறுத்தும். அந்த உறுத்தலின் பின்னால் உள்ள, தமிழ் கைநழுவிவிடும் என்ற அச்சமும் பொய்யல்ல. ஆனாலும் பிள்ளை டேனிஷில் ஒரு காரணத்தைச் சொன்ன அந்த நொடியில்தான் அதற்குரிய தமிழ்ச் சொல் அதற்குத் தேவைப்படுகிறது. காற்றாலை, நீர்த்தேக்கம், மின்வடம் ஆகிய சொற்களை ஆசிரியர் அப்போது கொடுக்கலாம். அடுத்த வாரப் பந்தியும் காற்றைப் பற்றியதாகவே இருந்தால், அந்தச் சொற்கள் மறு கட்டத்துக்கு, ‘எனக்குத் தெரிந்தது’ என்ற கட்டத்துக்கு, வந்துவிடும்.