சிராக்கியூஸ் குழுவின் வெற்றி ஆண்டு



கல்லூரிக் குழு ஒன்று நாட்டின் முதற் குழு என்ற பெயரைப் பெறுவது எவ்வாறு? இறுதிப் போட்டியில் வென்று என்று உடனே விடையிறுப்பீர்கள். இறுதிப் போட்டியே இன்றி முதலிடம் வழங்கும் ஏற்பாடு ஒன்று அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அவ்வேற்பாட்டின்படி 1959-ஆம் ஆண்டு முதலிடம் பெற்றது, நியூயார்க் மாநிலத்திலுள்ள சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் குழு. அவ்வெற்றியின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அமெரிக்கர் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து இரு முனைகளும் கூரியது; அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியவும் செய்யலாம். பக்கத்துக்கு 11 பேர். ஓர் எல்லைக் கோட்டிலிருந்து மற்றதற்கு 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரியைச் சேரும். பந்துடன் எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள். அதன்பின் ஒரு கூடுதல் வாய்ப்பும் உண்டு. அதில் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 1 புள்ளி. 1958 முதல், உதைக்காமல் மீண்டும் கோட்டைக் கடந்தால் 2 புள்ளிகள். அக்காலத்தில் ஆட்களை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு இருந்தமையால், தாக்கும் வீரரே தடுக்கவும் வல்லவராதல் வேண்டும்.

சிராக்கியூசின் பயிற்சியாளர் பென் சுவார்ட்ஸ்வால்டர், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் பாரசூட் மூலம் குதித்த படைவீரர். 1949-இல் பொறுப்பேற்ற அவர் குழுவைப் படிப்படியாக உயர்த்தினார். 1957 ஜனவரி 1 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் காட்டன் பவுல் என்னும் புத்தாண்டுப் போட்டியில் அக்குழு 27-க்கு 28 எனத் தோற்றது. கூடுதல் உதை ஒன்றை எதிரணியினர் தடுத்துவிட்டதே அந்த ஒரு புள்ளிக்குக் காரணம். அன்று சிராக்கியூசின் தலைசிறந்த வீரர் 44-ஆம் எண் சட்டை அணிந்த ஜிம் பிரவுன். பின்னர் அந்த எண்ணை அணிந்தவர் எர்னி டேவிஸ் என்ற இளைஞர். இருவரும் கறுப்பினத்தார்.

1959-இல் டேவிஸ் இரண்டாம் ஆண்டு மாணவர். முதல் ஆட்டத்தில் கன்சாஸ் குழுவை 35-க்கு 21 என வென்றபின் சிராக்கியூசைத் தடுப்பார் இலராயினர். மேரிலாந்து, மேற்கு வர்ஜீனியா, பிட்ஸ்பர்க், கோல்கேட், பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆகிய ஐந்து குழுக்கள் ஒரு புள்ளியும் பெறவில்லை. பென் ஸ்டேட் ஒன்றே அஞ்சச் செய்தது. அதன் வீரர் ஒருவர், உதைக்கப்பட்ட பந்தைப் பிடித்து 100 கெஜம் ஓடிக் கோட்டைக் கடந்தார். ஆயினும் கூடுதல் வாய்ப்புகளில் அக்குழு புள்ளி பெறாமையால், 20-க்கு 18 என்று சிராக்கியூஸ் தப்பியது. பத்து ஆட்டங்களில் சிராக்கியூஸ் பெற்றவை 390 புள்ளிகள், இழந்தவை 59. முன்னேறிய கெஜக் கணக்கிலும், எதிரியைத் தடுத்த கணக்கிலும் நாட்டில் அதுவே முதலிடம் பெற்றது. தாக்குவாரும் தடுப்பாரும் ஒருவரேயாக இருந்த காலத்தில் இவ்விரட்டைச் சிறப்பு எளிதன்று.

இனி, முதலிடம் வந்த வகையைப் பாருங்கள். அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் 1936 முதல் பத்திரிகையாளர்களின் வாக்குகளைத் திரட்டி, குழுக்களை வரிசைப்படுத்தி வந்தது. அன்றைய வழக்கப்படி இறுதி வாக்கெடுப்பு டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். புத்தாண்டுப் போட்டிகள் கணக்கில் சேரா. எனவே சிராக்கியூஸ் மீண்டும் டல்லாசுக்குப் புறப்பட்டபோதே பட்டம் அதன் கையில் இருந்தது. தோற்றாலும் பட்டம் போகாது. பின் எதற்காக ஆடவேண்டும் என்று கேட்கலாம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுவில் அந்நாளில் கறுப்பின வீரர் ஒருவரும் இல்லை. சிராக்கியூசில் டேவிஸ், ஜான் பிரவுன், ஆர்ட் பேக்கர் ஆகியோர் இருந்தனர். 1960 ஜனவரி 1 அன்று, தொடைத் தசை நோவுடன் களமிறங்கிய டேவிஸ், ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் எறியப்பட்ட பந்தைப் பற்றி ஓடினார். அது 87 கெஜம் கடந்த ஆட்டமாயிற்று. பின்னும் ஒருமுறை கோட்டைக் கடந்தார். தடுப்பில் நின்று எதிரியின் எறிபந்து ஒன்றையும் கவர்ந்தார். முடிவு, 23-க்கு 14. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் விருந்து மண்டபத்தில், விருதைப் பெற்றுக்கொண்டதும் கறுப்பின வீரர்கள் வெளியேறிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. களத்தில் முதல்வராக நின்றவருக்கு உணவு மேசையில் இடமில்லை.

1961-இல் கல்லூரி ஆட்டக்காரர்க்குரிய தலையாய விருதாகிய ஹைஸ்மன் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் டேவிஸ். ஆனால் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் ஆடுமுன் இரத்தப் புற்றுநோய் கண்டு, 1963 மே 18 அன்று தம் 23-ஆம் வயதில் மறைந்தார்.

பல ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் என்ற முறையில், கதையை இங்கே நிறுத்தினால் அது அரைகுறைப் பாடமாகும் என்பேன். அதே சுவார்ட்ஸ்வால்டரின் குழுவில் 1970-இல் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர், தம்மைச் சமமாக நடத்தவில்லை என்று முறையிட்டுப் பயிற்சிக்கு வர மறுத்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் கல்லூரி ஆட்டம் அதனால் தடைப்பட்டது. பல்கலைக்கழகம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2006-இல்தான். வென்ற குழுவாயினும், தன்னுள் நீதியை ஆண்டுதோறும் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டும் என்பதை அந்த நெடிய இடைவெளி உணர்த்துகிறது.

முதலிடத்தை வாக்குகள் தரலாம், புள்ளிகள் உறுதிப்படுத்தலாம். உடன் ஆடியவனை உடன் அமர்த்தி உண்பது இவ்விரண்டாலும் வருவதன்று. அது நாமே செய்ய வேண்டியது. உங்கள் கல்லூரிக் குழு கோப்பையுடன் திரும்பும் நாளில், அக்கோப்பையை ஏந்தும் கைகளோடு, விருந்துப் பந்தியில் யாருக்கு இலை போடப்படவில்லை என்பதையும் ஒருமுறை பாருங்கள்.