பத்தாயிரம் பெயர்கள்

2004-ஆம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் ஒரு விசித்திர விளம்பரம் வெளியாயிற்று. இரண்டு முழுப் பக்கம்! மூக்குக் கண்ணாடியில்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில் சுமார் பத்தாயிரம் பெயர்கள். அவ்வளவு பேரும் ஒரு சரக்கைப் பரப்பப் பணம் கொடுத்தவர்கள். அந்தச் சரக்குக்கோ விலையே கிடையாது!

அதன் பெயர் பயர்பாக்ஸ். இணையப் பக்கங்களைப் பார்ப்பதற்கான உலாவி. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். அப்போது பத்துக் கணினிகளில் ஒன்பதில் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் உலாவியே கோலோச்சிற்று. லாப நோக்கமற்ற மொஸில்லா ஸ்தாபனத்தினிடம் விளம்பரத்துக்குக் காசு ஏது? நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாத அபிமானிகள் என்ன செய்வது?

'ஊரெல்லாம் பரப்புங்கள்' என்று பொதுப்படச் சொன்னால் நாலு நாளில் உற்சாகம் வடிந்துவிடும் அல்லவா? இயக்கத்தார் அப்படிச் சொல்லவில்லை. செப்டம்பரில், பத்து நாளில் பத்து லட்சம் பிரதிகள் என்று இலக்கு வைத்தார்கள். கெடுவுக்கு முன்பே எட்டிவிட்டார்கள். யார் மூலம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, மதிப்பெண்ணும் போட்டார்கள். (தொண்டுக்கு மதிப்பெண்ணா என்று நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.) பிறகுதான் விளம்பர வசூல்: பத்தே நாளில் இரண்டரை லட்சம் டாலர்! கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக வாக்களித்தார்கள்; அச்சிட்டார்கள்.

உற்சாகம் அத்துடன் அடங்கவில்லை. 2006-இல் ஆரிகன் மாகாணத்து மாணவர்கள் சிலர், ஓட்ஸ் வயலொன்றில் பலகை கொண்டு பயிரைச் சாய்த்து, 220 அடி அகலத்தில் அந்த உலாவியின் சின்னத்தை வரைந்தார்கள். தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆகாய விமானத்திலிருந்து பார்த்தால், பூமியுருண்டையைச் சுற்றிப் படுத்திருக்கும் நரி தெரிந்தது.