கிளையில் சிக்கிய ரிப்பன்

ரோஜா வர்ண ரிப்பன் ஒன்று ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் பாழாக்கிவிட முடியுமா? முடியும் என்று காட்டுகிறது, அமெரிக்கக் கதாசிரியர் நதானியல் ஹாதார்ன் எழுதிய 'யங் குட்மன் பிரௌன்' என்னும் சிறுகதை. 1835-ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கதை, சமய நம்பிக்கை ஒருவனை விட்டு நழுவும் விதத்தைச் சித்திரிப்பதில் தலைசிறந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதி. மாஸச்சூஸெட்ஸ் பிரதேசத்தின் ஸேலம் கிராமம். மணமாகி மூன்றே மாதமான பிரௌன், அந்தி வேளையில் மனைவியிடம் விடைபெறுகிறான். அவள் பெயர் ஃபெயித். ஆங்கிலத்தில் அதற்கு விசுவாசம் என்று பொருள். இன்றிரவு போக வேண்டாமென அவள் கெஞ்சுகிறாள். அவளுடைய தொப்பியில் ரோஜா ரிப்பன் காற்றிலே ஆடுகிறது. அவனோ அவளை விட்டுப் புறப்படுகிறான். விசுவாசத்தை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைகிறான் என்பதே உட்பொருள்.

காட்டு வழியில் ஒருவன் துணை சேருகிறான். அவன் கைத்தடி கரும்பாம்பு போல நெளிகிறது. வந்திருப்பவன் யாரென்று சொல்லவும் வேண்டுமா? பிரௌனுக்குச் சிறு வயதில் வேதபாடம் கற்பித்த கிழவி, ஊர்ப் போதகர், சபையின் டீக்கன் எல்லோரும் சாத்தானின் கூட்டத்துக்குப் போகிறார்கள்! அப்போதும் பிரௌன் உறுதியாகவே நிற்கிறான். பிறகு வானிலிருந்து ஒரு ரிப்பன் மிதந்து வந்து மரக்கிளையில் சிக்குகிறது. ரோஜா வர்ண ரிப்பன்! தன் ஃபெயித் போய்விட்டாள் என்று அலறுகிறான். மனைவியும் போனாள், விசுவாசமும் போயிற்று.

எரியும் மரங்களின் நடுவே கூடிய சபையில், சாத்தானின் தீட்சைக்காக அவளும் நிற்கிறாள். வானத்தை நோக்கு, சாத்தானை எதிர்த்து நில் என்று அவளிடம் கதறுகிறான் பிரௌன். மறுகணம் எல்லாம் மறைகின்றன. தீப்பற்றி எரிந்த கிளையிலிருந்து குளிர்ந்த பனித்துளி அவன் கன்னத்தில் தெறிக்கிறது. கண்டது கனவுதானா? ஆசிரியர் கேள்வியை எழுப்புகிறாரே தவிர, தீர்ப்புக் கூறவில்லை.

காலையில் ஊர் திரும்புகிறான். மனைவி மகிழ்ச்சியோடு ஓடி வருகிறாள். அவள் தலையில் அதே ரிப்பன்! காட்டில் கண்டது பொய்யென்பதற்கு அது சாட்சியாகாதா? பிரௌனோ அவளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கடந்து போகிறான்.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1692-இல் ஸேலத்தில் சூனியக்காரர்கள் என்று குற்றஞ் சாட்டப்பட்டவர்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். இன்னாருடைய ஆவியுருவம் வந்து என்னை வதைத்தது என்ற பேச்சையும் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. அந்த நீதிபதிகளுள் ஒருவரான ஜான் ஹாதார்ன், கதாசிரியரின் கொள்ளுப் பாட்டனாருக்குத் தந்தை. கதையில் வரும் கிழவி குளோய்ஸின் பெயரும், அப்போது சிறைப்பட்ட சாரா குளோய்ஸ் என்பவரின் பெயரே.

அந்த நீதிபதிகள் செய்த தவறையே பிரௌனும் செய்கிறான். இரவில் கண்ட தோற்றத்தை நம்பி, ஊர் முழுவதையும் குற்றவாளியாக்குகிறான். சாத்தானிடம் அவன் தீட்சை பெறவில்லை. ஆனால் மனிதர் அனைவரும் தீயவர் என்ற சாத்தானின் உபதேசத்தை மட்டும் ஏற்றுக்கொண்டுவிட்டான். அதன் பின் தேவாலயத்துச் சங்கீதம் அவன் காதில் பாவத்தின் ஓசையாகவே விழுகிறது. அயலானை நம்ப மறுத்த நெஞ்சில், ஆண்டவன்மேல் வைத்த நம்பிக்கையும் ஆறுதல் தரவில்லை.

பிரௌன் நெடுங்காலம் வாழ்ந்து முதுமையில் இறக்கிறான். மனைவி ஃபெயித்தும் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் சவ ஊர்வலத்தில் நடந்து போகிறார்கள். ஆயினும் அவன் கல்லறையின்மீது நம்பிக்கை தரும் வாசகம் ஒன்றுகூடப் பொறிக்கப்படவில்லை.