நெடுந்தூர விளையாட்டுகளில் உடல் நிறை: இலக்கு எண்ணும் உடல்நலமும்

மரதன் ஓட்டம், நெடுந்தூரச் சைக்கிளோட்டம், படகோட்டம் முதலிய தாங்குதிறன் விளையாட்டுகளிற் பயிலும் ஒருவர் எத்தனை கிலோகிராம் நிறையுடையவராக இருத்தல் வேண்டும்? எளிய வினாவாகத் தோன்றும் இதற்கு அட்டவணைகளும் சூத்திரங்களும் உடனடியாக ஓர் எண்ணை விடையாகத் தருகின்றன. அவ்வெண் எங்கிருந்து வந்தது, யாருடைய தேவைக்காக ஆக்கப்பட்டது, அதனை எட்டும் முயற்சியில் உடல் கொடுக்கும் விலை யாது என்பன பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. நலமான இலக்கு நிறை என்பது முன்கூட்டியே குறித்துவிட்டு உடலை அதற்குள் அடக்கவேண்டிய எண் அன்று. போதிய உணவும் ஒழுங்கான பயிற்சியும் உரிய ஓய்வும் பெற்ற உடல் வந்து நிலைக்கின்ற ஒரு வீச்சே அது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறைக்கும் ஓட்டத்திறனுக்கும் தொடர்பில்லை என்று கூறுவதற்கில்லை. ஓடுபவர் ஒவ்வோர் அடியிலும் தம் உடலைத் தாமே சுமந்து செல்கிறார். ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. இதனாலேயே ஒருவர் நிமிடத்தில் உள்ளெடுக்கக்கூடிய அதியுயர் ஒட்சிசன் அளவை உடல் நிறையால் வகுத்துக் கூறுவது உடற்றொழிலியலாளரின் வழக்கம். 70 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் நிமிடத்துக்கு 4.2 லீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்துவாராயின், அவரது அளவு கிலோகிராமுக்கு 60 மில்லிலீற்றர் ஆகும். ஒட்சிசன் அளவு மாறாது நிறை மட்டும் 67 கிலோகிராமாகக் குறையின், அது 62.7 ஆக உயரும். ஆனால், உணவைக் கடுமையாகக் குறைத்ததனால் தசையும் குருதியின் கனவளவும் குன்றி, ஒட்சிசன் அளவு 4.0 லீற்றராக வீழ்ந்தால், பெறுமானம் 59.7 ஆகிவிடும். அவர் மெலிந்திருக்கிறார், எனினும் முன்னரிலும் மெதுவாகவே ஓடுவார். பின்னத்தின் கீழெண்ணைக் குறைக்க முயல்வோர் மேலெண்ணை மறந்துவிடுகின்றனர்.

இனி, எண்களின் வரலாற்றை நோக்குவோம். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறை, பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளிவிபரவியலாளருமான அடோல்ப் கெற்றலே 1830களில் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. அவர் தேடியது 'சராசரி மனித'னை. நோயாளியையோ விளையாட்டு வீரனையோ அன்று. அமெரிக்காவில் 'இலட்சிய நிறை' அட்டவணைகளைப் பரப்பியது மெற்றோபொலிற்றன் ஆயுட்காப்புறுதிக் கம்பனியாகும். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் வெளியான அதன் அட்டவணைகள், காப்புறுதி செய்தோரின் மரண விகிதங்களை அடிப்படையாகக் கொண்டவை. வணிக நிறுவனமொன்றின் இடர்க் கணிப்பு, காலப்போக்கில் மனித உடலின் இலட்சியமாக மாறிய விந்தை இங்கே நிகழ்ந்தது.

இவ்வட்டவணைகளின் குறைபாடு அப்பொழுதே வெளிப்பட்டது. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான அல்பேட் பென்கே, நீரினுள் நிறுக்கும் முறையைக் கொண்டு தொழில்முறை அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர்களின் உடலடர்த்தியை அளந்து 1942இல் முடிவுகளை வெளியிட்டார். அட்டவணைப்படி அவர்களுட் பெரும்பாலோர் மிகை நிறையினர்; படைச் சேவைக்கே தகுதியற்றோர். ஆயினும் அவர்களிடம் மிகுந்திருந்தது தசையேயன்றிக் கொழுப்பன்று. கெற்றலேயின் விகிதத்துக்கு 'உடற்றிணிவுச் சுட்டி' என்னும் பெயரை 1972இல் வழங்கிய அன்செல் கீஸ் குழுவினரும் அதனைச் சமுதாயத் தொகுதிகளை ஆராய்வதற்கான கருவியாகவே கருதினர். தென்னாசியர் உள்ளிட்ட ஆசிய மக்களிடையே, அதே சுட்டியுடைய ஐரோப்பியரைக் காட்டிலும் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருத்தலை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிக்காட்டியமையும் நமக்குரிய செய்தியாகும்.

சுட்டியை விட்டு உடற்கொழுப்பைக் கொண்டு இலக்கைக் கணிக்கும் முறை சற்று மேலானது. கொழுப்பற்ற திணிவை, விரும்பிய கொழுப்புப் பின்னத்தை ஒன்றிலிருந்து கழித்துப் பெறும் எண்ணால் வகுத்தல் வேண்டும். 72 கிலோகிராம் நிறையும் 18 சதவீதக் கொழுப்பும் உடைய ஆணொருவரின் கொழுப்பற்ற திணிவு ஏறத்தாழ 59 கிலோகிராம். 12 சதவீதத்தை இலக்காகக் கொண்டால் 67 கிலோகிராம் என விடை கிடைக்கும். ஆயின், தோல் மடிப்பை அளக்கும் கருவியோ மின்தடையை அளக்கும் தராசோ நான்கு சதவீதப் புள்ளிகள் தவறுவது அரிதன்று. உண்மைக் கொழுப்பு 14 சதவீதமாயின் விடை 70. 22 சதவீதமாயின் 64. ஆறு கிலோகிராம் இடைவெளியுள்ள விடையைத் தசமப் புள்ளியுடன் எழுதி வைத்திருப்பது அறிவியலாகாது.

உண்ணும் சக்தி போதாதபோது உடலில் நிகழ்வனவே இவற்றினும் முதன்மையானவை. உணவாற் பெற்ற சக்தியிலிருந்து பயிற்சியிற் செலவானதைக் கழித்து, எஞ்சியதைக் கொழுப்பற்ற திணிவால் வகுத்தால் வருவது 'கிடைக்கும் சக்தி' ஆகும். உயிர்த்தொழில்கள் யாவும் இதனைக் கொண்டே நடைபெறுதல் வேண்டும். நாளொன்றுக்குக் கிலோகிராமுக்கு 45 கிலோகலோரி போதுமானதென்றும், 30க்குக் கீழ் ஓமோன் ஒழுங்கு சீர்குலையத் தொடங்குகிறதென்றும் இளம் பெண்களிடத்து நடந்த ஆய்வுகள் காட்டின. இவ்வெல்லை ஆளுக்காள் வேறுபடுமாயினும், வழிகாட்டியாகப் பயன்படும். 55 கிலோகிராம் நிறையும் 44 கிலோகிராம் கொழுப்பற்ற திணிவும் உடைய வீராங்கனை ஒருவர் 15 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 825 கிலோகலோரி செலவாகும். அன்று அவர் 2000 கிலோகலோரி உண்டிருப்பின், எஞ்சுவது கிலோகிராமுக்கு ஏறத்தாழ 27 மட்டுமே. சாதாரணப் பெண்ணொருத்திக்குப் போதுமான உணவு, அவருக்குப் பட்டினியாகிறது.

அப்பட்டினியில் உடல் சிக்கனத்தை மேற்கொள்கிறது. மாதவிடாய் தவறுகிறது, ஈஸ்திரசன் குறைய என்பு நலிகிறது, ஆண்களில் தெஸ்தொஸ்தரோன் வீழ்கிறது, அனுசேபம் தாழ்கிறது, காயங்களும் தொற்றுகளும் மீள மீள வருகின்றன. முதலிற் பெண்களுக்குரிய முக்கூட்டுக் கேடாகக் கருதப்பட்ட இதனை, இரு பாலாருக்கும் உரிய சார்புச் சக்திக் குறைபாடாகச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 2014ஆம் ஆண்டு அறிக்கை விரித்துரைத்தது.

இது ஏட்டளவில் நின்ற செய்தியன்று. 2013இல் தமது 17ஆவது வயதில் மொஸ்கோ உலக மெய்வல்லுநர் போட்டியின் 1500 மீற்றர் இறுதியோட்டத்தில் ஓடிய அமெரிக்க வீராங்கனை மேரி கேன், பின்னர் தாம் பட்டதை 2019 நவம்பரில் வெளிப்படுத்தினார். முற்றிலும் ஆண்களைக் கொண்ட பயிற்சிக் குழு 114 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 52 கிலோகிராம் என்னும் எண்ணைத் தமக்கு விதித்ததென்றும், மூன்றாண்டுகள் மாதவிடாய் நின்றதென்றும், ஐந்து என்புகள் முறிந்தனவென்றும் அவர் கூறினார். இங்கு எண்ணைத் தேர்ந்தவர் ஒருவர். அதன் விலையைத் தம் என்புகளாற் செலுத்தியவர் வேறொருவர்.

அங்ஙனமாயின் ஒருவர் தமது இலக்கைக் காண்பது எவ்வாறு? முதற்கண், வேறொரு வெற்றியாளரின் நிறையை விடுத்துத் தமது வரலாற்றையே ஆராய்தல் வேண்டும். வளர்ச்சி முடிந்த பின்னர், நோயும் காயமும் இன்றி நன்கு பயின்று, நன்கு உறங்கி, சிறப்பாக ஓடிய காலத்தில் நிறை எந்த வீச்சில் இருந்ததோ அதுவே நம்பத்தக்க சான்று. அடுத்து, காலையில் ஒரே நிலைமையில் நிறுத்து, வாராந்தச் சராசரியை மட்டுமே கவனித்தல் நன்று. ஒரு கிராம் கிளைக்கோசனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேமிக்கப்படுதலால், ஓரிரு நாளில் ஒரு கிலோகிராம் ஏறுவதும் இறங்குவதும் கொழுப்பின் மாற்றமன்று.

நிறையைக் குறைக்க உண்மையிலேயே காரணமுண்டெனில், போட்டிக் காலத்தை விலக்கி, பயிற்சி இலேசாகவுள்ள மாதங்களில், சிறுகச் சிறுகக் குறைத்தல் வேண்டும். 2011இல் வெளியான நோர்வே நாட்டு ஆய்வொன்றில், எதிர்ப்புப் பயிற்சியுடன் வாரம் 0.7 சதவீதம் குறைத்த வீரர்களின் கொழுப்பற்ற திணிவு கூடியது. இருமடங்கு விரைவிற் குறைத்தோரிடம் அந்நன்மை காணப்படவில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ள உணவைக் குறைத்தல் தகாது. மாதவிடாய் தவறுதல், பாலுணர்வு குன்றுதல், உறக்கமின்மை, என்பு வலி, உணவைப் பற்றிய இடையறாத எண்ணம் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் முயற்சியை நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு இலக்கு நிறை விதித்தலே தவறு.

விதிகளும் இதிற் பொறுப்புடையன. 1996 முதல் 2024 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இலகு நிறைப் படகோட்டத்தில், 72.5 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஆணும் 59 கிலோகிராமுக்கு மேற்பட்ட பெண்ணும் பங்குபற்ற இயலாது. அவ்வெல்லைக்காக உணவையும் நீரையும் துறத்தல் அப்போட்டியாளரிடையே வழக்கமாயிற்று.

ஆகவே, நிறையளக்கும் தராசு ஒரு கருவி. அது நீதிபதி அன்று. கம்பனியின் மரண அட்டவணையோ பயிற்சியாளரின் விருப்பமோ உடலுக்கு எண் குறிக்கும் உரிமையைப் பெறுதல் ஆகாது. உழைக்கும் உடலுக்கு முதலில் வேண்டுவது உணவு. அது நிறைவேறிய பின்னர் உடல் எந்நிறையில் நலமாக இயங்குகிறதோ, அந்நிறையே அதன் இலக்கு.